எலெரி அம்மாளும் ஒரு டிஷ்யூ பாக்கெட்டும்

சிங்கப்பூரில் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் ஏழு பேர் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். முப்பத்தோரு வருஷம் பாளையங்கோட்டையில் தமிழ் டீச்சராக இருந்து, கீரை விற்கிறவர் முதல் டாக்டர் வரை ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்ட ஆள் நான். ஏழாவதாகக் கூப்பிட்டவர் டாக்ஸி ஓட்டிய சீனர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவருக்கும் நான் ஆன்ட்டியாம்.

“இந்தியாவா ஆன்ட்டி? சென்னையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை, பாளையங்கோட்டை.”

“சென்னைக்குப் பக்கமா?”

“அறுநூறு கிலோமீட்டர் தள்ளி.”

“அறுநூறு கிலோமீட்டரா? அப்ப அது வேற நாடாச்சே” என்றார். அவர் ஊர் கணக்குக்கு அது நியாயம்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனாலே ஒரு தூக்கம் போடுவதற்குள் கடல் வந்துவிடும்.

எனக்கு எலெரி அம்மாள் ஞாபகம் வந்தது. அவள் வேல்ஸ் நாட்டுக்காரி. நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துக்குக் கிறிஸ்தவ ஊழியம் செய்ய வந்தபோது எல்லோரும் அவளை இங்கிலீஷ் அம்மா என்று கூப்பிட, அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கிறது. ஒருநாள் தெருவில் குச்சியால் வேல்ஸ் படத்தை வரைந்து, இதுதான் என் நாடு, இங்கிலாந்து பக்கத்து நாடு என்று விளக்கியிருக்கிறாள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் பன்றித் தலை என்று சொல்லியிருக்கிறார்கள். நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் சொன்னது சரிதான்.

எட்டு வருஷமாக எனக்கு இந்த எலெரி அம்மாளோடுதான் குடித்தனம். அவள் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். “இன்னைக்கு எலெரிக்கும் சேர்த்து உலை வைக்கவா?” என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கல்யாணமாகாத பெண் மிஷன் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஒரு தெருவில் தனியாக வாடகைக்கு வீடெடுத்துக் குடியிருந்தது அங்கே அவள்தான் முதல். பிறகு கப்பலேறிச் சிங்கப்பூருக்குப் போய், சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில் தமிழ்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். வேல்ஸ் மொழித் தாலாட்டுகளைத் தமிழில் கொண்டுவந்து சின்னப் புத்தகமாகவும் போட்டாள். என்ன தமிழ் அது! வெள்ளைக்காரி தனி ஆளாக இப்படி எழுதினாளே என்று சொல்லிச் சொல்லி நான் மாய்ந்துபோயிருக்கிறேன். என் புத்தகத்தில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ‘தனி ஆளாக’ வரும்.

புத்தகம் அச்சுக்குப் போக இருந்த நேரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. “உங்கள் கட்டுரையை ஒரு பத்திரிகையில் வாசித்தேன். பிழை. அந்தப் பாட்டுகளை எலெரி அம்மாள் தனியாக மொழிபெயர்க்கவில்லை. என் தாத்தாவின் அக்கா பொன்னம்மாவும் சேர்ந்து செய்தது. நோட்டு என்னிடம் உள்ளது. தபாலில் அனுப்பமாட்டேன். வந்து பாருங்கள்.” கீழே மிஸஸ் கனகசபை, கிளமெண்டி, சிங்கப்பூர் என்று இருந்தது.

எனக்குப் பிழை என்று எழுதிவிட்டார் ஒருத்தர். ஆயிரக்கணக்கான நோட்டில் சிவப்பு மையால் பிழை என்று எழுதிய கை இது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. போய்ப் பார்த்து, ‘இது வெறும் நகல் எடுத்த நோட்டு’ என்று சொல்லிவிட்டு வருவோம் என்றுதான், உண்மையைச் சொன்னால், விமானம் ஏறினேன். அப்படி இல்லாவிட்டால் எட்டு வருஷ வேலையை முதல் பக்கத்திலிருந்து திருத்த வேண்டும்.

தங்கியது புக்கிட் பாஞ்சாங்கில், என் கல்லூரித் தோழி கஸ்தூரி வீட்டில். அவள் இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறது. பேச்சு பாதி பாளையங்கோட்டை, பாதி சிங்கப்பூர். “ஏட்டி குணா, வந்துட்டியா லா” என்று கட்டிப்பிடித்தாள். அன்று சாயங்காலமே, “இங்க எல்லாம் ஈஸி, நீயே தனியா சுத்திப் பாரு” என்று கையில் ஒரு பயண அட்டையைக் கொடுத்து அனுப்பினாள்.

அங்கே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. ஓட்டுநர் கிடையாது. வீடுகளுக்குப் பக்கத்தில் போகும்போது கண்ணாடி தானாக மங்கிக்கொள்கிறது, அடுத்தவர் வீட்டை நாம் எட்டிப் பார்க்கக் கூடாதாம். எங்கள் தெருவில் இதை மாட்டினால் பாதிப் பேருக்குப் பொழுதே போகாது. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து ஏறின ஸ்டேஷனே வந்தது. பெயர்ப் பலகை ஒரே மாதிரி இருக்கும் போல என்று நினைத்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுபடி அதே ஸ்டேஷன். பக்கத்திலிருந்த மலாய்க்காரப் பெண் ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னாள்: “ஆன்ட்டி, இது வட்டமாகத்தான் போகும். நீங்க இறங்கலைன்னா ராத்திரி வரைக்கும் சுத்தும்.” ஆன்ட்டி எண்ணிக்கையை அதோடு விட்டுவிட்டேன்.

எலெரி அம்மாளுக்கும் இது நடந்தது. மாட்டு வண்டியில் பக்கத்து ஊருக்குக் கிளம்பி, வண்டிக்காரர் தூங்கி, மாடுகள் தாமாகத் திரும்பி, விடிந்து பார்த்தால் புறப்பட்ட வீட்டு வாசல். இறங்கி, இதுவும் தேவ சித்தம் என்று சொல்லிக் காபி குடித்தாளாம். நான் கஸ்தூரி வீட்டுக்குப் போய் அதைத்தான் செய்தேன்.

மறுநாள் தேக்கா, தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி. சிராங்கூன் ரோட்டில் நின்றால் பாளையங்கோட்டை மார்க்கெட்டைத் துடைத்துக் கழுவிக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கிறது. மல்லிகைப் பூ, வாழை இலை, வெற்றிலை, வடை, எல்லாம் உண்டு, மாடு மட்டும் இல்லை. அறிவிப்புப் பலகைகளில் தமிழ் இருந்தது. பிழை கிடைக்குமா என்று காலை முழுக்கத் தேடினேன். நான் பார்த்தவரை கிடைக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

எலெரி அம்மாள் பாடம் நடத்திய மாடி எந்தச் சந்தில் இருந்தது என்று கண்டுபிடித்தேன். இப்போது கீழே நகைக்கடை, மேலே ஏதோ அலுவலகம். கடைப் பெண்ணிடம், “இந்த மாடியில அந்தக் காலத்துல ஒரு வெள்ளைக்கார அம்மா தமிழ் சொல்லிக் கொடுத்தாங்க, தெரியுமா?” என்றேன். அவள் ரொம்ப மரியாதையாக, “ரிங்க் பாக்குறீங்களா, நெக்லஸா ஆன்ட்டி?” என்றாள். ஒரு மணி நேரம் வாசலிலேயே நின்று மாடியைப் பார்த்தேன். காவலாளி மூன்று முறை வந்து என்னைப் பார்த்தார்.

பசி கிள்ளியது. ஒரே கூரைக்கடியில் பல சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பக்கத்து உணவங்காடிக்குள் நுழைந்தால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிக் கூட்டம். ஆனால் நடுவில் ஒரு மேஜை காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் வேறு. பார்த்தாயா, சாப்பிடுகிறவனுக்குக் கை துடைக்க இலவசமாக வைத்திருக்கிறான், இதுதான் அரசாங்கம் என்று மெச்சிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றை எடுத்து முகம் துடைத்தேன். இன்னொன்றை எடுத்து மூக்கைச் சிந்தினேன். நிமிர்ந்தால், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, கையில் பிரியாணித் தட்டோடு ஒரு தமிழ்ப் பையன் நிற்கிறான்.

“ஆன்ட்டி, இது என் டேபிள். நான் சோப் பண்ணிட்டேன் லா.”

“சோப்பா? எங்கப்பா?”

“அந்த டிஷ்யூதான் ஆன்ட்டி. அதை வச்சா சீட் புக் பண்ணின மாதிரி.”

மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. பரவாயில்லை என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டான் நல்ல பிள்ளை. டிஷ்யூவோ, குடையோ, தண்ணீர் பாட்டிலோ, எதை வைத்துவிட்டுப் போனாலும் அந்த இடம் வைத்தவருக்குத்தான், யாரும் தொடமாட்டார்கள் என்று விளக்கினான். நான் நம்பவில்லை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலும் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்போம். ஏறிப் போய்ப் பார்த்தால் கைக்குட்டைமேல் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். கைக்குட்டையைக் கேட்டால் எந்தக் கைக்குட்டை என்பார்.

மூன்றாம் நாள் காலையில் கிளமெண்டிக்குப் போனேன். “யாழ்ப்பாணத்து ஆளுங்க, டைம்னா டைம். ரொம்ப வாயாடாதே” என்று கஸ்தூரி சொல்லி அனுப்பியிருந்தாள். மிஸஸ் கனகசபைக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட பருத்திச் சேலையில் கதவைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “வாங்கோ. சரியா வந்திட்டீங்கள்” என்றார். கஸ்தூரியை விட்டால், இந்த ஊரில் என்னை ஆன்ட்டி என்று சொல்லாத முதல் ஆள்.

நோட்டு ஒரு துணியில் சுற்றியிருந்தது. பிரித்துத் திறந்தேன். எலெரி அம்மாள் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும். அதன்மேல் இன்னொரு கையெழுத்து, சாய்வாக, வேகமாக. சாய்வு உருண்டையை அடித்துக்கொண்டே போயிருந்தது. ஒரு தாலாட்டில் எலெரி, ‘குழந்தையே, விரைவாக உறங்குவாயாக’ என்று எழுதியிருக்கிறாள். ஓரத்தில் சாய்வு கேட்கிறது: ‘பிள்ளையை அதட்டுகிறீர்களா, தூங்க வைக்கிறீர்களா?’ கீழே, நான் எட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோன அந்த வரி, அடித்தல் திருத்தல் இல்லாமல், சாய்வுக் கையெழுத்தில்.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா. “எலெரி அம்மா எழுதினதைப் பொன்னம்மா திருத்தியிருக்காங்க, அவ்வளவுதானே. நானும்தான் பிள்ளைங்க கட்டுரையைத் திருத்துவேன். அதுக்காகக் கட்டுரை என்னோடதாயிடுமா?” என்றேன்.

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். புத்தகத்தின் முகப்பை எலெரியே எழுதிப் பார்த்திருக்கிறாள். பாட்டுகளின் பெயர், ‘தமிழில்’ என்று ஒரு சொல், கீழே அவள் பெயர். அதற்கும் கீழே ‘மற்றும்’ என்று எழுதி, அளவுகோல் வைத்து ஒரு கோடு. கோட்டின்மேல் ஒன்றுமில்லை.

“அது பொன்னம்மா ஆச்சிக்கு விட்ட இடம்” என்றார். “ஊர் என்ன சொல்லுமோ எண்டு அவ பெயர் போட விடேல்ல. பிறகு கேட்டு எழுதலாம் எண்டு எலெரி அம்மா இடம் விட்டு வச்சவ. அச்சடிச்சவை அந்தக் கோட்டையே எடுத்துப்போட்டினம்.”

“வெத்துக் கோட்டை வச்சு நான் என்னத்த எழுத?” என்றேன். சொன்ன பிறகு எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. “கொண்டுபோய் வடிவாப் பாருங்கோ. பின்னேரம் ஆறு மணிக்கு எனக்கு வேணும். வேற பிரதி இல்லை” என்று என் மஞ்சள் பைக்குள் அவரே நோட்டை வைத்தார். கஸ்தூரி வீட்டில் ஸ்கேனர் இருந்தது. என் போனில் எடுத்தால் எல்லாப் படத்திலும் என் கட்டைவிரல் இருக்கும்.

மண்டைக்குள் அந்தச் சாய்வுக் கையெழுத்தே ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றரை மணிக்குப் பக்கத்து உணவங்காடியில் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன். காரமான நூடுல்ஸ்தான். காலி மேஜை ஒன்று கிடைத்தது. இப்போதுதான் எனக்கு ஊர் வழக்கம் தெரியுமே. கையில் டிஷ்யூ இல்லை. மஞ்சள் பையை நடுமேஜையில் வைத்து, ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டு, உள்ளூர்க்காரி மாதிரி நடந்து போய் வரிசையில் நின்றேன்.

கடைக்காரர், இங்கேயா, தப்பாவா என்று கேட்டார். தப்பாவ் என்றால் பார்சல். கஸ்தூரி முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தாள். எனக்கு அந்த வார்த்தை தெரியும் என்கிற பெருமையில், “தப்பாவ்” என்று கம்பீரமாகச் சொன்னேன். பார்சல் கைக்கு வந்தது. எனக்கு ஒரு பழக்கம், பார்சல் கைக்கு வந்தால் கால் நேராக வீட்டைப் பார்த்து நடக்கும். நடந்தது. ரயில் ஏறி, மாறி, மறுபடி மாறி, குட்டி ரயிலில் இந்த முறை சரியாக இறங்கி, வெற்றிக் களிப்போடு கஸ்தூரி வீட்டு மணியை அடித்தேன்.

காலை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். “நோட்டு எங்க?” என்றாள்.

நான் பார்சலைப் பார்த்தேன். பார்சல் என்னைப் பார்த்தது.

அடுத்த முக்கால் மணி நேரத்தை நான் எழுத விரும்பவில்லை. கஸ்தூரி டாக்ஸி பிடித்தாள். நான் பின்சீட்டில் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். எட்டு வருஷம் நான் ‘தனி ஆளாக’, ‘தனி ஆளாக’ என்று எழுதி ஒருத்தியை இல்லாமல் ஆக்கினேன். அவள் இருந்தாள் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு நோட்டு. அதையும் கொண்டுபோய் நூடுல்ஸ் கடையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளுக்குள் எனக்கு ஏற்கனவே தெரிந்துவிட்டது, அந்தத் தமிழ் பொன்னம்மாவுடையது என்று. காலையிலேயே தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி. மத்தியானக் கூட்டம். பக்கத்திலிருந்த கல்லூரிப் பிள்ளைகள், அலுவலகக்காரர்கள், தாத்தாக்கள் என்று எள் போட இடமில்லை. தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடி அலைகிறவர்களே நாற்பது பேர் இருப்பார்கள். ஒரு சீனப் பெரியவர் தூணில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு முன்னால், நாலு நாற்காலி போட்ட ஒரு மேஜை காலியாக இருந்தது. அதன் நடுவில் என் மஞ்சள் பை.

யாரோ மேஜையைத் துடைத்திருந்தார்கள், பையைச் சுற்றித் துடைத்திருந்தார்கள். பக்கத்தில் சூப்புக் கிண்ணத்தோடு நின்ற இரண்டு சீனப் பெண்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் சீனம் தெரிந்த கஸ்தூரி கேட்டுவிட்டு என் காதில் சொன்னாள்: “ஆளையே காணோமேங்கறா ஒருத்தி. பை இருக்கே, வருவாங்கங்கறா மத்தவ.”

நாற்காலியில் உட்கார்ந்து பையைக் கட்டிக்கொண்டேன். நோட்டு பத்திரமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தால் கஸ்தூரி தோளை அழுத்தினாள். “ரெண்டு மணி நேரம் இடத்தைப் பிடிச்சு வச்சுட்டு, சாப்பிடாம எந்திரிச்சுப் போனியோ, அடிக்க வருவாங்க. உக்காந்து தின்னுட்டி.” பார்சலைப் பிரித்தேன். தூணில் சாய்ந்திருந்த பெரியவரையும் அந்த இரண்டு பெண்களையும் கையைக் காட்டிக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். இடம் போதாமல் கஸ்தூரி எனக்குப் பின்னால் நின்றாள். ஆறிப்போன மீ கோரெங்கை அழுதுகொண்டே சாப்பிட்டேன். காரம் போல என்று நினைத்துப் பெரியவர் தன் கரும்புச் சாற்றை என் பக்கம் நகர்த்தினார்.

இடது கையால் நோட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்தேன். ‘மற்றும்.’ அப்புறம் அந்தக் கோடு. காலையில் வெத்துக் கோடு என்று சொன்னேன். முன்பின் தெரியாத நாற்பது பேருக்குத் தெரிந்திருக்கிறது, ஆள் இல்லாவிட்டாலும் அது ஆளுடைய இடம் என்று. எனக்குத்தான் தெரியவில்லை.

எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிட்டு ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே கிளமெண்டியில் மணி அடித்தேன். நடந்ததைச் சொல்ல வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். மிஸஸ் கனகசபை நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு முகர்ந்தார். “இதில ஏன் பெலாச்சான் மணக்குது?” என்றார். இறால் மசாலா வாசத்தை எந்தத் துணியில் சுற்றினாலும் மறைக்க முடியாது.

சொல்லிவிட்டேன். டிஷ்யூ பாக்கெட்டில் மூக்குச் சிந்தியது முதல் டாக்ஸியில் அழுதது வரை ஒன்றுவிடாமல். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சொல்லி முடித்ததும், என் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

“அவங்க முழுப் பேர் என்ன?”

“இவ்வளவு காலத்தில ஒருத்தரும் அதைக் கேக்கேல்ல” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொன்னம்மா ஆறுமுகம். தகப்பன்ர பெயர் ஆறுமுகம். கட்டின மனுசன் செத்த பிறகு தகப்பன்ர பெயரைத்தான் அவ வச்சிருந்தவ.”

பேனா நோட்டின் கோட்டுப் பக்கம் போனதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். “இதில எழுதாதேங்கோ. இது இப்படியே இருக்கட்டும். நீங்கள் உங்கட புத்தகத்தில எழுதுங்கோ.”

அங்கே உட்கார்ந்தபடியே பாளையங்கோட்டைக்குப் போன் போட்டேன். அச்சை நிறுத்தச் சொன்னேன். பதிப்பாளர், “டீச்சர், எத்தனை பக்கம் மாறும்?” என்றார். எல்லாப் பக்கமும் என்றேன். அவர் போனை வைத்த சத்தம் மிஸஸ் கனகசபைக்கே கேட்டிருக்கும்.

கிளம்பும்போது, “நில்லுங்கோ” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். நோட்டைப் பற்றித் திட்டப் போகிறார், இப்போதுதான் வருகிறது என்று செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். திரும்பி வந்தவர் என் உள்ளங்கையை விரித்து, பிரிக்காத டிஷ்யூ பாக்கெட் ஒன்றை வைத்து மூடினார்.

“இனிமே இதை வையுங்கோ, டீச்சர்” என்றார்.